வெட்டுப்பட்ட நிரல்

என்.சி. வீதிக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்த பையன்
புத்தகத்தைக் கொஞ்சம் சரித்து வைத்துவிட்டான்.
நூற்றி நாற்பது பக்கத்திலும்
சொல் இருக்கிறது, ஒத்த சொல் இருக்கிறது.
எதிர்ச்சொல்லின் நிரல் மட்டும்
ஓரத்தோடு போய்விட்டது.
சில வரிகளில் முதல் எழுத்து மிஞ்சியிருக்கிறது
கதவிடுக்கில் அகப்பட்ட சேலைத் தலைப்பு மாதிரி.

திரும்பிப் போய்ச் சண்டை பிடித்திருக்கலாம்.
எழுநூறு ரூபாவும் கொடுத்தாயிற்று,
புத்தகக்காரியும் மட்டக்களப்புக்கு மாற்றலாகிவிட்டாள்.

கொட்பே ஐஸ் தொழிற்சாலையில்
இரவு இரண்டுக்கும் நாலுக்கும் இடையில்
படகு வராது, லொறி வராது.
கொம்பிரசர் மட்டும் இரைந்துகொண்டிருக்கும்.
அப்போதுதான் நானும் நஸ்லியாவும்
பில் புத்தகத்தைத் தள்ளிவிட்டு இதை விரிப்போம்.
ஒக்டோபரில் பரீட்சை.
பாஸானால் பகல் வேலை, ஜன்னல் உள்ள அறை.

"அபண்டன்ட்" என்றேன்.
நிறைய. ஏராளம். அள்ள அள்ள.
"டிசம்பர்" என்றாள்.
டிசம்பர் எதிர்ச்சொல் இல்லையடி.
"டிசம்பரில இந்தக் கடலுக்குப் போய்ப் பார்."
எழுதினேன். பென்சிலால்தான்.

"காம்."
ஓகஸ்டில் நிலாவெளிக் கடல்.
இதற்கு எதிர்ச்சொல்
கார்த்திகையில் அதே நிலாவெளிக் கடல்,
வேறு கடல் தேவையில்லை என்று
எழுதப் பார்த்தேன்,
தாளில் இடம் போதவில்லை.

"மெல்ட்" இலகு.
சுவருக்கு அந்தப் பக்கம்
முழு இரவும் அதன் எதிர்ச்சொல்தான் நடக்கிறது.

எங்களுக்குச் சண்டை வந்தது ஒத்த சொல்லில்.
வோம், லுக்வோம், டெபிட், ஹொட், ஸ்கோல்டிங்.
"எல்லாம் சூடுதானே, வெள்ளைக்காரனுக்கு விசரா?"
கன்னியாவில் குளித்ததில்லையா நீ?
ஏழு கிணறு, வாளி எட்டும் தூரம்.
ஒன்று தலைக்கு ஊற்ற,
ஒன்று காலுக்கு மட்டும்,
ஒன்றில் அள்ளிய தண்ணீரைக் கட்டில் வைத்துவிட்டு
ஊர்க்கதை கொஞ்சம் பேசவேண்டும்.
"அப்ப பரீட்சையில ஒரே கருத்து எண்டு ஏன் கேக்கிறான்?"
அவன் குளிக்காதவன்.

சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள்.
"ஹார்பர்."
இதைத் தாண்டிவிடலாம் என்றேன்,
சம்பளச் சீட்டிலும் இருக்கிற சொல்.
"பொறு, வதனி. வினைச்சொல் எண்டும் போட்டிருக்கு."

அடைக்கலம் கொடு.
ஒளித்து வை.
மனதுக்குள் வைத்திரு: வன்மத்தை, சந்தேகத்தை.

நஸ்லியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
அவளுடைய வாப்பாவுக்கு எங்கள் தெருவில் ஒரு கடை இருந்தது.
அதற்கு என்ன நடந்ததென்று
இந்தப் பதினொரு வருடத்தில்
அவள் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.
எங்கள் பெரியண்ணனைப் பற்றி
அவளும் அப்படித்தான்.

இந்தச் சொல்லுக்கு எதிரே
ஆர் என்ற எழுத்து ஒன்று தப்பியிருந்தது.
"ரிஜெக்ட்டா இருக்கும்" என்றாள்.
இல்லை, ரிலீஸ்.
"ரிவீல்?"
அதுவும் பொருந்தியது.
மூன்றும் பொருந்தியது.
கொம்பிரசர் ஒருமுறை திக்கி
மறுபடி இரையத் தொடங்கியது.

"ரிவீல் எண்டே எழுது" என்றாள்.
பிறகு, "வேண்டாம், பொறு" என்றாள்.

கந்தளாய் லொறி ஹோர்ன் அடித்தது, மூன்றரைக்கே.
பென்சிலை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
இரண்டு பேரும் கையுறை தேடினோம்.

"நாப்பது பார்" என்றான் சாரதி.
முப்பத்தெட்டுத்தான் இருக்கு.
"மற்ற ரெண்டு?"

நஸ்லியா அச்சுக்குள் டோர்ச் அடித்துக் காட்டினாள்.
வெளிப்பக்கம் கண்ணாடி போல் இறுகியிருந்தது.
நடுவில் இன்னும் தண்ணீர்,
வெளிச்சம் படப் பட அசைந்தது.